அறுபத்து நான்கும் தெரிந்தவர்

நாகலிங்கம் தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட அன்றுதான் அவருடைய மனைவி தையல்நாயகி முதன்முதலாகப் பயந்தாள்.

ரத்தத்தைப் பார்த்து அல்ல. ரத்தம் அதிகம் வரவும் இல்லை. குளியலறையில் நின்று, மரத்துப்போக வைக்கும் ஊசியைத் தானே ஈறில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சிறிய கண்ணாடியும் மறு கையில் குறடுமாக, ஏதோ ஒரு ராகத்தை முனகியபடியே அவர் பல்லை எடுத்து வாஷ்பேசினில் போட்டார். சுத்தமான வேலை. பல் டாக்டரே பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். முன்பெல்லாம் பல் டாக்டரிடம் போனால் தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் அவரால் நாற்காலியில் சாய முடியும். அவர் பிடிக்கிற பிடியில் வளையல் அவள் மணிக்கட்டில் பதிந்துவிடும். இப்போது அவருடைய இரண்டு கைகளிலும் சாமான் இருந்தது. அவளைப் பிடிக்க இன்னொரு கை அவரிடம் இல்லை.

“வலிக்குதாங்க?” என்றாள்.

“ம்ஹூம்,” என்றார், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு. “மேல ஒண்ணு லேசா ஆடுது. அதையும் பார்த்துடறேன்.”

நாகலிங்கம் திருச்சி உறையூரில், பொன்னி அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதுவரை கைவேலை என்று எதுவும் அவருக்கு வந்ததில்லை. ஆணி அடித்தால் காரை பெயரும். பால் காய்ச்சினால் பொங்கி அடுப்பு அணையும். சிலிண்டர் மாற்ற, ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க, பொத்தான் தைக்க, பாட்டில் மூடி திறக்க, எல்லாவற்றுக்கும் “தையலு!” என்று ஒரு குரல்தான். தையல்நாயகி எங்கிருந்தாலும் வருவாள், திட்டிக்கொண்டே செய்து கொடுப்பாள். அலுவலகத்திலும் உறவிலும் அவரை வைத்து நிறையச் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரிப்பார். பிறகு வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்டவரை ‘வனதேசம்’ பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

வனதேசம் ஒரு விளையாட்டு. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினால் நீங்கள் அங்கே ஒரு பயணி. காடு, கோட்டை, ஆறு, அரக்கன் என்று வழக்கமான சங்கதிகள்தான். ஆனால் அங்கே கற்றது இங்கேயும் கையில் நின்றது. அதுதான் அதன் விசேஷம். அங்கே படகு ஓட்டக் கற்றவன் காவிரியில் இறங்கிப் படகு ஓட்டினான்.

“மூளைக்கு இது ஆட்டம், இது நிஜம்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாதாம் சார்,” என்று அவருக்கு விளக்கியவர் முதல் மாடி ஸ்டெல்லா மேரி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். “பட்டை அதுகிட்ட, நீ இதை ஆயிரம் தடவை பண்ணியிருக்கேன்னு சொல்லுதாம். அதுவும் நம்பிடுதாம். நம்ம வீட்டுக்காரர் நான் சொல்றதை நம்பற மாதிரி.”

பழைய கணக்குப்படி அங்கே அறுபத்து நான்கு கலைகள் இருந்தன. மருத்துவம், வழக்காடுவது, சமையல், நாதஸ்வரம், முடி திருத்துவது, பூட்டுத் திறப்பது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கிளிக்குப் பேசப் பழக்குவது. ஆனால் ஒரு பயணி மூன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். அது வனதேசத்தின் சட்டம்.

நாகலிங்கம் சமையல், பூட்டு, பாட்டு மூன்றையும் எடுத்தார். தையல்நாயகி வில்லும் வியாபாரமும் குதிரையும். ஸ்டெல்லா படகு, சூதாட்டம், திசை பார்ப்பது. நான்காவதாக அவர்களோடு சேர்ந்தவர் கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருந்த முருகையன். அவர் வைத்தியம், வழக்காடுவது, கவி பாடுவது என்று எடுத்துக்கொண்டார். “முடி வெட்டறதை எடுக்கலையா?” என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, “அதுதான் வெளியிலயே இருக்கே மேடம், இங்கயும் எதுக்கு?” என்றார்.

நால்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலிங்கம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். அங்கே ஸ்டெல்லா படகைச் செலுத்த, தையல்நாயகி எதிர்க்கரை மரத்தில் கயிற்று அம்பை எய்ய, பாம்புக் கடிக்கு முருகையன் பச்சிலை கட்ட, நாகலிங்கம் கரையில் புளியோதரை கிளறுவார். ஒருமுறை கோட்டை வாசலில் பூட்டைத் திறக்கும்போது அவர் காலில் அம்பு பாய்ந்துவிட்டது. “பூட்டை விட்டுறாதீங்க சார், நான் காலைப் பார்த்துக்கறேன்,” என்று முருகையன் குனிந்தார். தலைக்கு மேலே தையல்நாயகியின் அம்புகள் பறந்துகொண்டிருந்தன. தன் வாழ்நாளிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தக் காயத்தோடு நின்ற நேரத்தில்தான் என்று நாகலிங்கம் பின்னால் சொல்லியிருக்கிறார்.

பிறகு வரம்பை நீக்கிவிட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் பலர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் மூன்றோடு நிறுத்த வேண்டும்? ஒருவனுக்கு நேரமும் உழைப்பும் இருந்தால் அறுபத்து நான்கையும் ஏன் கற்கக் கூடாது? நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. பெருவாரியான வாக்கில் வரம்பு போயிற்று.

நாகலிங்கம் இருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாக அவர் கையில் இறங்க இறங்க முகமே மாறியது. மிக்ஸியைக் கழற்றிப் பூட்டினார். ஸ்கூட்டரைப் பிரித்து மேய்ந்தார். எதிர்வீட்டுக் கிளி மூன்றே நாளில் மின்வாரியத்துக்கு மனுக் கொடுக்கிற அளவுக்குப் பேசியது. முதல் சில வாரங்கள் தையல்நாயகிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்த வாயெல்லாம் இப்போது மூடியிருக்குமே என்று நினைத்தாள். அப்புறம்தான் வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்ன சத்தம் என்று பிடிபடச் சில நாள் ஆயிற்று. அவள் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வனதேசத்துக்குப் போனபோது, மற்ற மூவரும் ஆற்றங்கரையை அடைவதற்குள் நாகலிங்கம் அக்கரை போய், கோட்டையைத் திறந்து, அரக்கனைக் கொன்று, அவனுக்கு முறைப்படி ஈமக்கிரியையும் முடித்துவிட்டு வந்து கையாட்டினார். “வாங்க வாங்க! எல்லாம் ஆயிடுச்சு! சாப்பாடு ரெடி!”

மூவரும் கரையிலேயே நின்றார்கள். “குக்கர் வெச்சுட்டு வந்தேன்னு நினைக்கறேன்,” என்று சொல்லி ஸ்டெல்லா பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு யாரும் பாய் விரிக்கவில்லை.

வைகாசியில் நாகலிங்கத்தின் அக்கா மகள் யாழினிக்குக் கல்யாணம். “வெளி ஆள் ஒருத்தரும் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்,” என்று அக்கா கோமதியிடம் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். பந்தலும் மாலையும் அவர் கை. சமையல் அவர். மணப்பெண் அலங்காரம் அவர். மேடையில் சடங்கு நடத்தியவரும் அவர். நாதஸ்வரமும் அவரே. தவிலை மட்டும், கை இரண்டுதான் இருக்கிறது என்ற காரணத்தால், வெளியில் சொல்லியிருந்தார். அந்தத் தவில்காரர் பாவம், நாதஸ்வரம் எப்போது ஓடிவரும், எப்போது எழுந்து சாம்பாருக்கு உப்புப் பார்க்கப் போகும் என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் பிரமாதமாக நடந்தது. ரசத்தில் குறையில்லை, ராகத்தில் குறையில்லை. வந்திருந்த உறவுக்காரர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சமையல்காரரைத் திட்டலாம் என்றால் அது நாகலிங்கம். புகைப்படக்காரர் மறைக்கிறார் என்று சண்டை போடலாம் என்றால் அதுவும் நாகலிங்கம். சம்பந்தி வீட்டார் முறைத்துக்கொள்ள ஒரு சாக்குக் கிடைக்காமல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. மேடையில் உட்கார்ந்து நாகலிங்கம் மைக்கில் சொன்னார்: “பொண்ணுக்குத் தாய்மாமன் வரலாம்.”

யாரும் வரவில்லை. “தாய்மாமன் எங்கேப்பா? சீக்கிரம் வரச் சொல்லுங்க, நேரம் ஆகுது,” என்றார் கொஞ்சம் எரிச்சலாக. சபை முழுவதும் அவரையே பார்த்தது. அவர் மூன்றாவது தடவையும் கூப்பிட்டு, எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மனுஷன் இவர்! சொந்த அக்கா பொண்ணு கல்யாணத்துல...” என்று ஆரம்பித்தார்.

யாழினி மாலைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். “மாமா,” என்றாள். “நீங்கதான் மாமா.”

நாகலிங்கம் மைக்கை வைத்தார். அவர் இடுப்பில் கரண்டி, தோளில் கேமரா, மடியில் நாதஸ்வரம். பட்டு வேட்டி கட்டிக்கொள்ள மறந்திருந்தார். மாமன் மாலையை அவரே கட்டியிருந்தார், அதை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. தையல்நாயகி எழுந்து மேடையேறி, அவர் தோளிலிருந்து கேமராவைக் கழற்றி, கரண்டியை உருவிக்கொண்டு, “சும்மா நில்லுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், நின்னா போதும்,” என்றாள். அறுபத்து நான்கு கலைகளில் எதுவும் தேவைப்படாத அந்த ஒரு வேலையைச் செய்யத் தெரியாமல் அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

இதற்குள் மற்றவர்களும் விடவில்லை. நாகலிங்கத்துக்கே முடியுமென்றால் யாருக்குத்தான் முடியாது? மழைக்காலம் முடிவதற்குள் பொன்னி அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகளிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தையல்நாயகி மட்டும் தன் மூன்றோடு நின்றுகொண்டாள். முருகையனும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் கடைக்கு யாரும் வருவதில்லை. பின் மண்டையைக்கூட அவரவரே வெட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் மோட்டார் நின்றது.

ஒரு வீட்டுக்கு ஒருவராக இருபத்து நான்கு பேரும் ஸ்பேனரோடு இறங்கினார்கள். ஒருவர் கெபாசிட்டரை மாற்றினார். அடுத்தவர், கெபாசிட்டர் பழையதே போதும், ஃபுட் வால்வுதான் கோளாறு என்று அதைக் கழற்றி இதைப் பூட்டினார். மூன்றாமவர் குழாயில் ஏர்லாக் என்று இரண்டையும் கழற்றினார். மூவரும் சொன்னது சரி. அதுதான் சிக்கல். யாரோ ஒருவர் தப்பாகச் சொல்லியிருந்தால் மற்றவர்கள் சேர்ந்து அவரை வாயடைத்துவிட்டு வேலையை முடித்திருப்பார்கள். மோட்டார் ஐந்து விதமாகச் சரிசெய்யப்பட்டு, ஐந்து விதமாகவும் பிரிக்கப்பட்டு, துண்டு துண்டாக ஈர மணலில் கிடந்தது. குடங்களோடு பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தார்கள்.

ஸ்டெல்லா பொதுக்குழுவைக் கூட்டினார். வந்தவர்கள் அத்தனை பேரும் வழக்காடத் தெரிந்தவர்கள். அத்தனை பேரும் மேடைப் பேச்சாளர்கள். ஒருவர் வெண்பாவில் கண்டனம் தெரிவித்தார். இன்னொருவர் குரலை எறியும் கலையைப் பயன்படுத்தி, ஸ்டெல்லாவின் வாயிலிருந்தே தன் கருத்துக்கு ஆதரவு வரவழைத்தார். கேட்பதற்கு என்று ஒருவர்கூட அங்கே இல்லை, மூலையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகியைத் தவிர. அதனால் பேசினவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தே பேசினார்கள். அவளுக்குக் கழுத்து வலித்தது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, களைத்த முகம்.

“சென்னையிலேருந்து வர்றேன். என் பேர் பார்கவி. வனதேசத்தை வடிவமைச்ச குழுவுல இருக்கேன்,” என்றாள். “கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?”

அறுபத்து நான்கு கலைகளில் தேர்ந்த சபை அது. தண்ணீர்தான் இல்லை. தையல்நாயகி தன் வீட்டிலிருந்து கடைசிச் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பார்கவி வந்த காரணம் எளிமையானது. எல்லாம் கற்று முடித்தவர்கள் வனதேசத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. நாட்டிலேயே அப்படிப்பட்டவர்கள் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் கட்டடம் இதுதான். என்ன ஆயிற்று என்று பார்க்க நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது.

“மூணுதான்னு முதல்ல வரம்பு வெச்சது யாரும்மா?” என்று முருகையன் கேட்டார்.

“நான்தான் சார்.”

“ஏன் மூணு?”

“நாலாவதுக்கு இன்னொரு ஆள் வேணுங்கறதுக்காக,” என்றாள் பார்கவி. “ஆட்டம் கஷ்டமா இருக்கணும்னு வெக்கல. உங்களுக்குப் பூட்டு திறக்கத் தெரியும், காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியாதுன்னா, கட்டுப் போடறவரைக் கூட்டிக்காம நீங்க கோட்டைக்குள்ள போக மாட்டீங்க. போற வழியில அவரோட பேசுவீங்க, சண்டை போடுவீங்க. நான் கதைன்னு எழுதி வெச்சது எதுவும் கதை இல்ல சார். அதுதான் கதை. எல்லாம் தெரிஞ்ச ஆள் போவாரு, வருவாரு. அவ்வளவுதான். வரம்பை எடுக்கக் கூடாதுன்னு நான் தலைகீழா நின்னேன். ஓட்டுல தோத்துட்டேன்.”

“அந்த ஓட்டுல ஒண்ணு என்னோடது,” என்றார் முருகையன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அன்று பேசியவர்களில் அவர் ஒருவர்தான் எந்தக் கலையும் காட்டாமல் பேசினார். அதனாலோ என்னவோ எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உனக்கு இவ்வளவுதான்னு மேல உக்காந்து ஒருத்தர் அளந்து கொடுக்கறது எங்க வீட்டுக்குப் புதுசில்ல. எங்க அப்பாவுக்கு ஒண்ணுதான் கொடுத்திருந்தாங்க. அவங்க அப்பாவுக்கும் அதே ஒண்ணு. அதுல எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் கூப்பிட்ட வீட்டுக்குப் பின்பக்கமாத்தான் வரணும். அப்பவும் இதையேதான் சொன்னாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசையா இருக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு. நீங்க மூணு கொடுத்தீங்க. தாராளம்தான்.”

பார்கவி சொம்பைக் கீழே வைத்தாள். “நான் இதை யோசிக்கவே இல்ல சார்,” என்றாள்.

“அளக்கற இடத்துல இருக்கறவங்களுக்குத் தோணாது. உங்க மேல கோபம் இல்ல. இன்னைக்குக் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். இருந்தாலும் நாளைக்கே ஓட்டு வெச்சாலும் வரம்பு வேண்டாம்னுதான் போடுவேன்.”

நாகலிங்கம் எழுந்தார். மேடைப் பேச்சில் அவர் தேர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் வார்த்தை தடுமாறியது.

“முருகையன் சொல்றது நியாயம். எனக்கு இனிமே யாரும் இவ்வளவுதான்னு சொல்லக் கூடாது. நாப்பத்தஞ்சு வருஷம் கேட்டாச்சு. ஆனா... எனக்குக் கூப்பிட ஆள் இல்ல. எதுக்காகக் கூப்பிடுவேன்? நேத்திக்கு ஒரு டப்பா மூடி இறுகிப்போயிருந்தது. திறக்க முடியாதுன்னு ஒரு நிமிஷம் அவ்வளவு சந்தோஷமா இருந்தது. வாயைத் திறந்து பேரைக் கூப்பிடறதுக்குள்ள கை அதைத் திறந்துடுச்சு.”

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

பார்கவி நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “பட்டையை வெச்சு ஒரு கலையை ஏத்தற மாதிரி கழற்றவும் முடியும்,” என்றாள். “கேக்கறவங்க இல்லாததால நாங்க இதுவரை வெளியில விடல. எதை, எத்தனைன்னு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஒண்ணும் கழற்றாமலும் இருக்கலாம். ஆனா ஒண்ணு. பட்டை வழியா வந்ததா, நீங்களே பழகினதான்னு அது பார்க்காது. கழற்றினா மொத்தமா போயிடும். அந்த ஒரு கலையை மட்டும் மறுபடி பட்டை ஏத்தாது. திரும்ப வேணும்னா எல்லாரையும் போலக் கையால, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கத்துக்கணும்.”

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. முருகையன் மறுபடியும் கையைத் தூக்கினார்.

“நல்லது. எல்லாரும் முதல்ல எதைக் கழற்றுவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கழிவுநீர்க் குழி அடைச்சுக்கும்போது அப்புறம் யாரைக் கூப்பிடுவீங்க?”

ஆசுகவிகளும் வழக்கறிஞர்களும் தரையைப் பார்த்தார்கள். தையல்நாயகி எழுந்து நின்றாள். அன்று அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

“அதை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். எனக்கு அது தெரியாது, நான் கத்துக்கறேன். வீட்டுக்கு ஒரு மாசம்னு முறை வெச்சுக்கலாம். முதல் மாசம் எங்க வீடு. மீதி எதை வேணா மறந்துக்கங்க.”

இருபத்து நான்கு வழக்கறிஞர்கள் எதிர்த்து வாதாட ஒரு காரணமும் கிடைக்காமல் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து வந்த வாரங்களில் பொன்னி அடுக்ககத்தின் மாடிப்படிகளில் நடந்த பேரங்களைப்போல எங்கும் நடந்திருக்காது. “நீ வைத்தியத்தை வெச்சுக்க, நான் காய்ச்சல்ல படுக்கறேன்,” என்றார் ஒரு கணவர். மூன்றாம் மாடித் தம்பதியர் ஒருவருக்குச் சொல்லாமல் மற்றவர் ஒரே காலையில் சமையலைக் கழற்றிவிட்டு, மத்தியானம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெல்லா முதலில் வழக்காடுவதைக் கழற்றினார். மற்றவர்களையும் கழற்ற வைத்தார். கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. மோட்டார் வேலை நாலைந்து பேருக்கு மட்டும் மிஞ்சியதும், அவர்களில் ஒருவர் போய் உட்கார்ந்து அரை மணியில் ஓட வைத்துவிட்டார். எதிர்வீட்டுக் கிளி மட்டும் கற்றதை மறக்க மறுத்தது.

நாகலிங்கம் பட்டையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கலையாகப் பெயர் வந்து நின்றது. முதலில் எது தனக்குப் பயன்படும் என்றுதான் பார்த்தார். அப்படிப் பார்த்தால் எல்லாமே பயன்படும். அப்புறம் வேறு விதமாகப் பார்த்தார். பல் வைத்தியத்தின் முன்னால் நின்றபோது, ஆஸ்பத்திரி ரோட்டுப் பல் டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. சமையலில் கை வைக்கும்போது தயங்கினார். தையல்நாயகியிடம் கேட்டார்.

“நீ சொல்லு. சமையலை விட்டுடவா?”

“விட்டீங்கன்னா தெரியும்,” என்றாள் அவள். “அது ஒண்ணாவது இருக்கட்டும். தினமும் நான்தான் நிக்கணுமா?”

ஆக சமையல் நின்றது. யாழினிக்குப் பிடிக்கும் என்பதால் நாதஸ்வரம் நின்றது. சபைத் தீர்மானப்படி அடைப்பு எடுப்பது நின்றது. பாட்டு, பூட்டு உட்பட மற்றதையெல்லாம் விட்டார். பட்டையைக் கழற்றியபோது உடம்பு லேசாகி, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மறுநாள் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அவர் உதைத்துப் பார்த்தார். சாவியை எடுத்து, ஊதி, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அடுப்படியில் நின்றிருந்த தையல்நாயகிக்குக் கூப்பிடுவது தன்னைத்தான் என்று உறைக்கவே சற்று நேரம் ஆயிற்று. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஈரக்கையோடு படி இறங்கி வந்தாள்.

“சோக்கை இழுத்தீங்களா?”

“சோக்குன்னா எது?”

“கடவுளே,” என்றாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள அவள் பட்ட பாட்டை ஜன்னல் வழியாக ஸ்டெல்லா பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை நாகலிங்கம் முருகையனின் கடைக்குப் போனார். தலை காடாக வளர்ந்திருந்தது. தனக்குத்தானே வெட்டிக்கொள்ளும் வித்தையையும் அவர் கழற்றியிருந்தார். கடையில் கூட்டம் இல்லை. முருகையன் எழுந்து நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றினார். தண்ணீர் அடித்தார். சீப்பை எடுத்து இப்படி வாரினார், அப்படி வாரினார். மறுபடி தண்ணீர் அடித்தார்.

“எனக்கு மூணு நின்னுச்சு,” என்று நாகலிங்கம் பேச்சுக் கொடுத்தார். “எண்ணிப் பார்த்தா கடைசியில அந்தப் பொண்ணு சொன்ன கணக்குத்தான் வருது. ஆனா நானா வந்து நின்னது வேற மாதிரி இருக்கு.”

“வேறதான் சார்.”

“நீங்க என்ன பண்ணினீங்க? ஒண்ணுமே கழற்றியிருக்க மாட்டீங்களே?”

“அறுபத்து மூணை வெச்சுக்கிட்டேன்,” என்றார் முருகையன். “எவன் கேட்டாலும் கொடுக்கறதா இல்ல. பேத்திக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கப் போறேன். எது வேணும்னு அவ பார்த்துக்கட்டும்.”

“அறுபத்து மூணா? அப்ப ஒண்ணு போச்சே. எது?”

முருகையன் சீப்பைக் கீழே வைத்தார்.

“முடி வெட்டறது.”

நாகலிங்கம் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முருகையனும் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“எட்டு வயசுல எங்க அப்பா கத்தரியைக் கையில திணிச்சாரு. உனக்கு வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல. அவரையும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. இத்தனை கலையும் கைக்கு வந்த பிறகு நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன் சார். டாக்டராகலாம், வக்கீலாகலாம், என்ன வேணும் உனக்குன்னு. இந்தக் கடையிலயே நின்னு நாலு பேர் தலையைப் பிடிச்சுப் பேசிக்கிட்டு இருக்கத்தான் ஆசையா இருந்துச்சு. அந்த ஆசை என்னோடதா, அவங்க திணிச்சதான்னு தெரியல. இருக்கறதை முழுசா இறக்கி வெச்சுட்டு, மறுபடியும் வேணும்னு தோணுதான்னு பார்ப்போம்னு கழற்றினேன்.”

“தோணுச்சா?”

“அன்னிக்குச் சாயந்திரமே.”

நாகலிங்கத்துக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. “முருகையன், அப்போ இப்போ நீங்க...”

“இல்ல சார். இன்னும் ஒருத்தருக்கும் வெட்டல. உங்க தலைதான் முதல். வேண்டாம்னா சொல்லிடுங்க, துணியை எடுத்துடறேன். ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை இருக்கு.”

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் மண்டல மேலாளர் வருகிறார். நாகலிங்கம் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“மெதுவாவே வெட்டுங்க,” என்றார். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

முருகையன் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். எந்தத் துளையில் எந்த விரல் என்று ஒரு கணம் பார்த்தார்.